ஸ்ரீரங்கன் நினைவுக் கோலப்போட்டி

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை சாய்நாத் எங்கள் வீட்டு மணியை அடித்தார். அவர் கையில் என் கணவர் பெயர் பொறித்த கோப்பை ஒன்று இருந்தது.

சாய்நாத் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று என் கணவர் சொல்வார். கோப்பையை மேஜைமேல் வைத்து, எழுத்து என் பக்கம் தெரியும்படி திருப்பினார். ஸ்ரீரங்கன் நினைவுச் சுழற்கோப்பை. கோலப்போட்டி. முதல் பரிசு.

“எப்படி இருக்கு மாமி?”

“என்ன இது?”

“கமிட்டில எல்லாருமா சேர்ந்து எடுத்த முடிவு. இனிமே கோடைத் தெருவிழாவுல கோலப்போட்டி சார் பேர்லதான் நடக்கும். நீங்கதான் உங்க கையால பரிசு குடுக்கறேள்.”

எங்கள் தெருவில் யாராவது போய்விட்டால் அவர் பேரில் கோப்பை வைப்பது வழக்கம். சதுரங்கத்துக்கு ஒரு வக்கீல் இருக்கிறார். கேரம் போட்டிக்கு ஒரு டாக்டர். கீதை ஒப்பிக்கும் குழந்தைகளுக்கு ஒரு மாமி. கோப்பை வைத்துவிட்டால் செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. அதன்பிறகு யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

“கோலப்போட்டியா? வேற போட்டியே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றேன்.

“பழசையே நெனச்சுண்டு இருந்தா எப்படி மாமி?”

பழசு என்று அவர் சொன்னது போன மே மாதத்தை.

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டி உள்ளே போகும் தெரு எங்களுடையது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக முடியாதவர்களுக்காக, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருவை இரு முனையிலும் அடைத்துவிட்டு விழா நடத்துவார்கள். குளத்து முனையில் மேடை. பெரிய ரோட்டு முனையில் மஞ்சள் தடுப்பு. விடிந்ததும் ஒலிபெருக்கி வைத்து ஜும்பா ஆடுவார்கள். பிறகு சாக்கு ஓட்டம், பல்லாங்குழி, கோலம். ஓரமாக நுங்கும் மாங்காய்ப் பத்தையும் ரோஸ் மில்க்கும். அடையாறிலிருந்தெல்லாம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, படம் எடுத்துக்கொண்டு, வெயில் சுடும் முன் திரும்பிவிடுவார்கள். என் கணவர் அதை வேர்வைத் திருவிழா என்பார். கேலி செய்துவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போவதும் அவர்தான்.

போன வருஷமும் இறங்கிப் போகத்தான் சட்டையை மாட்டினார். பொத்தான் போடும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். முகமெல்லாம் நனைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. காவலாளியும் நானுமாக லிஃப்டில் இறக்கினோம். தெருவுக்குள் ஆட்டோ நிறுத்தும் கன்னியப்பன் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார்.

எங்கள் கேட்டிலிருந்து மஞ்சள் தடுப்பு கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஆனால் நடுவில் ரோட்டை முழுதாக அடைத்துக் கோலங்கள் இருந்தன. முதலாவதாக அபயாம்பாள் மாமியின் மகாலட்சுமி. வண்ணப்பொடியில் கண்ணும் மூக்கும் வளையலும் வைத்து, ஆள் படுத்திருக்கிற அளவுக்கு. வருஷா வருஷம் பரிசு வாங்குகிறவர் அவர்.

கன்னியப்பன் வண்டியை நிறுத்திவிட்டார்.

“சாமி போட்டு வெச்சிகிறாங்கம்மா. அது மேல எப்டிமா ஏத்துறது.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். நான் தலையை வெளியே நீட்டி வழி விடச் சொல்லிக் கத்தினேன். சாய்நாத் வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

“ரெண்டே நிமிஷம் மாமி. ஜட்ஜஸ் இந்த வரிசைக்கு வந்துட்டா. ஃபோட்டோ எடுத்துண்டா முடிஞ்சுது.”

“அவருக்கு நெஞ்சு வலி.”

“வாயுவா இருக்கும். வெயிலைப் பாருங்கோ.”

அபயாம்பாள் மாமி கோலத்துக்கு முன்னால் வந்து நின்றார். “மகாலக்ஷ்மி மேல டயர் ஏறப்படாது. குடும்பத்துக்கு ஆகாது” என்றார். யார் குடும்பத்துக்கு என்று சொல்லவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். புள்ளி எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர்கள் நகர்ந்த பிறகு மாமியே துடைப்பம் கொண்டுவந்து, கோலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கலைத்து வழி விட்டார். மற்றவர்களும் கலைத்தார்கள். தடுப்பைத் தாண்டும்போது என் தோளில் சாய்ந்திருந்த தலையின் கனம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அந்த வருஷமும் முதல் பரிசு மாமிக்குத்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் போட்டிக்குத்தான் என் கணவர் பெயர்.

“பேர் வேண்டாம்” என்று சாய்நாத்திடம் சொன்னேன். “ஒரு வண்டி போற அகலத்துக்கு வழி விட்டுட்டு நடத்துங்கோ. எனக்கு அது போறும்.”

“அதெப்படி முடியும்? தெறந்து விட்டா டெலிவரிக்காரன்லேர்ந்து எல்லாரும் உள்ள பூந்துடுவான். குழந்தைகள் ஓடற எடம்.”

“அப்ப பேருக்குக் கீழ இன்னொரு வரியும் போடுங்கோ. வண்டிக்கு வழி விடாததால் இந்தத் தெருவில் செத்துப்போனவர்னு.”

அவர் முகம் சிவந்தது. “அவர் ஆயுசு அவ்வளவுதான் மாமி. ரெண்டு நிமிஷத்துல என்ன ஆயிருக்கப்போறது?”

“எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க முடியாமப் பண்ணினது நீங்க.”

எழுந்துகொண்டார். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசற்படியில் நின்று திரும்பினார்.

“உங்காத்துல ஏற்கெனவே சம்மதம் சொல்லியாச்சு. ஜானுகிட்டப் பேசிட்டேன். ஃபோட்டோகூட அனுப்பிச்சுட்டா.”

ஜானு என் கணவரின் தங்கை. கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த வீடு. போன் செய்தேன்.

“என்னைக் கேக்காம எப்படி சரின்னு சொன்னே?”

“நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவேள்னு தெரியும் மன்னி. அண்ணாவுக்கு ஒரு மரியாதை பண்றேன்னு வரா. வாசல்ல வந்து நிக்கறவாளை விரட்டறதா?”

“மரியாதை பண்றவாதான் அன்னிக்கு வழியை மறிச்சா.”

“நீங்க மட்டும் என்ன பண்ணினேள்? ராத்திரியே அண்ணாவுக்கு ஒரு மாதிரி இருந்துதாமே. அப்பவே கூட்டிண்டு போயிருக்கலாமே.”

ராத்திரி அவருக்கு ஒன்றுமே இல்லை. தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, மாம்பழம் புளிக்கிறது என்று பழக்கடைக்காரரைத் திட்டினார். இதை யார் இவளுக்குச் சொன்னது என்று கேட்கவில்லை. தெருவில் அப்படி ஒரு பேச்சு உலவுகிறது என்று மட்டும் அப்போது தெரிந்தது. அவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

விழாவுக்குப் புடவைப் பரிசு கொடுப்பவர் கனகராஜ் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பணம் போடுகிறவர் சொன்னால் சாய்நாத் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்துப் போனேன்.

வைகாசி முகூர்த்தங்களுக்குத் துணி எடுக்கும் நேரம். கடை திறந்ததுமே ஒரு கல்யாணக் கூட்டம் ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டது. பையன்கள் பட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் கனகராஜ், பக்கத்தில் அவர் மனைவி முத்துலட்சுமி. நான் சின்னப் பொட்டு வைத்துக்கொள்வேன். அதை விடவில்லை. அதனால் முதலில் நல்ல வரவேற்புதான்.

“வாங்கம்மா, உக்காருங்க. ஏலே, அம்மாவுக்கு மோர் கொண்டா. என்ன பாக்கீங்க, பட்டா?”

“வாங்க வரலைங்க. மயிலாப்பூர்ல கோலப்போட்டிக்கு நீங்க பரிசு குடுக்கறீங்க இல்லையா? அது என் கணவர் பேர்ல நடக்குது. அந்தப் பேரை எடுக்கச் சொல்லணும்.”

“அவுக பேருல நடந்தா நல்லதுதானம்மா?”

“அவர் இல்லைங்க. போன வருஷம் தவறிட்டார். நினைவுப் போட்டின்னு வெச்சிருக்காங்க.”

கனகராஜ் பேனாவைக் கீழே வைத்தார். முத்துலட்சுமியின் பார்வை என் நெற்றிக்குப் போய், கழுத்துக்கு இறங்கி, ஜமக்காளத்துக்குப் போயிற்று.

“ஏலே, அந்த முகூர்த்தப் பட்டை எடுத்து உள்ள வையி” என்றார். சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். பையன் என்னைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்து வைத்தான். மோர் வரவில்லை.

“நினைவுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா” என்றார் கனகராஜ். “கல்யாண சீசன்ல பேனர்ல மேல எங்க கடைப் பேரு, கீழ தவறினவுக பேரா? பாக்கவன் என்ன நெனைப்பான்?”

“அதான் எடுக்கச் சொல்லுங்க. வண்டிக்கு வழி விடாம அடைச்சதாலதான் அவர் போனார். மறுபடி அதே மாதிரி அடைக்கப் போறாங்க. அதையும் நீங்க சொல்லணும்.”

“அடைக்கதும் தொறக்கதும் உங்க தெரு சமாச்சாரம். அதுல நான் எதுக்கு?”

என் முன்னாலேயே சாய்நாத்தை போனில் கூப்பிட்டார். தன் பேரும் வேண்டாம், புடவையும் கிடையாது என்றார். அந்தப் பக்கம் சாய்நாத் கெஞ்சுவது எனக்கே கேட்டது. பேசி முடித்ததும் முத்துலட்சுமி என்னிடம் சொன்னார்: “இன்னும் முத போணியே ஆகல. இதைச் சாயங்காலமா வந்து சொல்லிருக்கலாம் நீங்க.”

என் கணவர் இருந்திருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். நான் வெயிலில் நடந்து வந்து பஸ் ஏறினேன்.

நான் போனது அவர் பேரை எடுக்க. எடுபட்டது கடைக்காரர் பேர். அந்த வார முடிவில் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். கடை விளம்பரத்துப் பட்டுப்புடவைக்காரி நிற்க வேண்டிய இடமெல்லாம் காலியாகிவிட்டதால், அவ்வளவு இடத்துக்கும் என் கணவர் முகத்தைப் பெரிதாக்கிப் போட்டுவிட்டார்கள். செலவு ஜானுவுடையது. அவள் பெண் கல்யாணத்தில் எடுத்த படம். அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். தோளுக்குப் பக்கத்தில், வெட்டிய ஓரத்தில், பச்சைப் புடவையின் ஒரு துண்டு தெரிந்தது. அது நான்.

காய்கறி வாங்கவும் மருந்து வாங்கவும் அந்த முகத்துக்குக் கீழேதான் போய்வர வேண்டியிருந்தது. இதற்குள் நான் டி. நகர் போன கதை தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். லிஃப்டில் நான் ஏறினால் உள்ளே நடக்கும் பேச்சு நின்றுவிடும். மாடி வீட்டு ஸ்நேஹா மட்டும் நேரடியாகக் கேட்டாள்: “ஆன்ட்டி, குழந்தைகளுக்கு லீவுல இருக்கற ஒரே ஃபன் இது. அதையும் கெடுக்கணுமா?” நல்ல பெண். அவர் போனபோது மூன்று வேளை சாப்பாடு அனுப்பினவள்.

வாத்தியார் போன் செய்தது அந்தச் சமயத்தில். என் கணவரின் முதல் வருஷத் திவசத்துக்கு நாள் பார்த்துச் சொன்னார். பள்ளிகள் சீக்கிரம் திறக்கின்றன என்று விழாவை இந்த வருஷம் முன்னதாக வைத்திருந்தார்கள். திதியும் முன்னால் வந்திருந்தது. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை.

திவசத்தன்று காரியம் முடியும்வரை வாசலில் கோலம் போடக்கூடாது. எங்கள் தெருவில் இது தெரியாத வீடு கிடையாது. வேலைக்காரப் பெண்கள்கூட முதல் நாளே கேட்டுக்கொண்டு போவார்கள், நாளைக்கு வாசல் தெளித்தால் மட்டும் போதுமா என்று.

ஜானு உடனே வழி கண்டுபிடித்தாள். “திவசம் பண்றதுக்குன்னே ஹால் இருக்கே மன்னி. சமையல், எலை எல்லாம் அவாளே பாத்துப்பா. உங்காத்து வாசல்ங்கற பிரச்சினையே வராது.”

“என் ஆத்துலதான் நடக்கும்” என்றேன். “அவர் இருந்த ஆத்துல.”

சாய்நாத்திடம் நானே போய்ச் சொன்னேன். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. அவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

“உங்க கேட்டுக்கு நேரா இருக்கற கட்டத்தை மட்டும் காலியா விட்டுடறோம். போறுமா?”

“யார் பேர்ல போட்டியோ அவருக்குத்தான் திவசம்.”

“ஊர்ல தெனம் யாருக்கோ திவசம்தான் மாமி. அதுக்காக ஊரே கோலம் போடாம இருக்கா? கோலம் போட வர லேடீஸ் கிட்ட இதையெல்லாம் சொல்லிண்டு இருக்காதீங்கோ. ஏற்கெனவே ஸ்பான்சரை விரட்டியாச்சு.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு பேசத்தான் யாரும் இல்லையே.

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் அஸ்வத் வந்தான். தெருமுனையில் டாக்ஸியிலிருந்து இறங்கி, பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். வீட்டுக்குள் வந்து, “விட்டுடேம்மா, எனக்காக” என்றான். நான் அவனுக்குக் குளிக்கத் துண்டு எடுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே பாட்டு தொடங்கிவிட்டது. பால்கனியிலிருந்து பார்த்தேன். ரோட்டில் சாக்பீஸால் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒருத்தி குத்துக்காலிட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தாள். எங்கள் கேட்டுக்கு நேராக ஒரு கட்டம் காலி. தெருவோரம் மேஜையில் கோப்பை.

அப்போது பெரிய ரோட்டு முனையில் ஆட்டோ ஹாரன் கேட்டது. கன்னியப்பன். பின் சீட்டில் திவசச் சமையலுக்கு வரும் மாமா, மடியில் பாத்திர மூட்டையோடு. சாய்நாத் கையை நீட்டித் தடுத்தார்.

“சுத்திண்டு போப்பா. உள்ள வண்டி கிடையாது.”

“எங்க சார் சுத்துறது? அந்தாண்ட ஸ்டேஜ் போட்டுகிறீங்க.”

“அப்ப எறக்கி விடு. நடந்து போகட்டும்.”

“பெரியவர், அவ்ளோ பாத்திரம் வெச்சிகினு எப்டி சார் நடப்பாரு?” கன்னியப்பன் வண்டியை விட்டு இறங்கினார். அவருக்கு இயல்பாகவே பெரிய குரல். “போன வருசம் நிறுத்துனீங்களே, அதே வண்டி தான் சார் இது. இப்பவும் அதே ரங்கன் சாருக்குத்தான் வந்துகிறேன். அவருக்கு இன்னிக்கி தெவசம். தோ, மேல போட்டோல சிரிச்சிகினு கீறாரே, அவருக்குத்தான்.”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் கட்டத்தில் இருந்த அபயாம்பாள் மாமி தலையைத் தூக்கினார்.

“சாய்நாத், என்ன சொல்றான் இவன்?”

“ஒண்ணும் இல்ல மாமி, நீங்க போடுங்கோ. நேரம் ஆறது.”

“திவசமா இல்லையா? அதைச் சொல்லு.”

சாய்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேனரை ஒரு முறை பார்த்தார். பிறகு எங்கள் வாசலைப் பார்த்தார். தெளித்து மட்டும் விட்ட வாசல். பிறகு பால்கனியில் என்னை.

“ஏண்டி சாரு, இன்னிக்கு ஸ்ரீரங்கனுக்குத் திவசமா?”

“ஆமாம் மாமி.”

“நீயாவது முன்னாடியே சொல்லப்படாதோ? விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தலைக்குக் குளிச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன். முட்டி வேற வலிக்கறது.” என் பதிலுக்குக் காத்திராமல் சாய்நாத்திடம் திரும்பினார். “திவசம் ஆகாத மனுஷன் பேரைச் சொல்லிண்டு, அவன் ஆத்து வாசல்ல கோலம் போடச் சொல்றயா? என் கையால போட மாட்டேன்.”

“மாமி, உங்களைப் பாத்து எல்லாரும்—”

“எல்லாரும் அவா அவா ஆத்துல கேட்டுக்கட்டும்.”

மாமி கோலப்பொடியை டப்பாவில் திரும்பக் கொட்டி மூடினார். தான் வைத்த புள்ளிகளைத் தண்ணீர் தெளித்துக் கையாலேயே அழித்தார். பக்கத்துக் கட்டத்துப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். அதற்கடுத்தவள், தான் அடையாறிலிருந்து வந்தவள், தனக்கு என்ன வந்தது என்று ஏதோ சொன்னாள். அவளுடைய மாமியார் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். என்மேல் பரிவு கொண்டு யாரும் எழுந்திருக்கவில்லை. போகிறபோது பால்கனியைப் பார்த்துவிட்டுப் போனவர்களின் முகங்கள் எனக்கு மறக்காது.

ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். கன்னியப்பன் யாரையும் கேட்காமல் தடுப்பை நகர்த்திவிட்டு வண்டியை உள்ளே கொண்டுவந்தார். சாய்நாத் என் பால்கனிக்குக் கீழே வந்து நின்றார்.

“சந்தோஷமா மாமி? பேர்தானே வேண்டாம்? எடுத்துடறேன். இனிமே இந்தத் தெருவுல உங்காத்துப் பேரை யாரும் எடுக்க மாட்டா.”

“எடுத்துடுங்கோ” என்றேன்.

பேனர் கயிற்றை அறுத்தார்கள். அது ஒரு பக்கம் சரிந்து, மடங்கி, ரோஸ் மில்க் கடைமேல் விழுந்தது.

காரியம் நடுப்பகலில் நல்லபடியாக முடிந்தது. பிண்டம் வைக்கும்போது அஸ்வத் அழுதான். ஜானு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பந்தியில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கை கழுவியதும் என்னிடம் வந்தாள்.

“என் அண்ணா முகத்தை நடுத்தெருவுல போட்டு மிதிக்க வெச்சுட்டேள்.”

“நடுத்தெருவுல மாட்டினது நீ.”

“உங்களுக்கு அண்ணா வேண்டாம் மன்னி. உங்களுக்கு சாய்நாத்தை ஜெயிக்கணும்.”

இழவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். எங்கள் வீட்டில் திவசத்தன்று அப்படி வழக்கம் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். ஜானு சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினாள். அவள் சொன்னது பொய் என்று அன்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய்தான்.

விழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். கோலப்போட்டி கனகராஜ் கடைப் பேரில் என்றதும் அவர் மறுபடி வந்துவிட்டார். புதுப் பேனரில் ஒரு கல்யாணப் பெண் குனிந்து கோலம் போட்டாள். என் கணவர் பெயர் எங்கும் இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் குளத்து முனையில் மேடை போட்டார்கள். விடியும் முன்பு பெரிய ரோட்டு முனையில் மஞ்சள் தடுப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். போன வருஷம் போலவே, ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாதபடி.

குளித்துவிட்டு, வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தடுப்பை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கையைத் தடுப்பின்மேல் வைத்துக்கொண்டேன்.

சாய்நாத் விசிலோடு வந்தார். “என்ன மாமி இது?”

“வண்டி வந்தா தெறக்கறதுக்கு.”

“அதுக்கு வாலண்டியர்ஸ் இருக்கா. எழுந்துக்கோங்கோ.”

“பொது ரோடு. உக்காந்துக்கறேன்.”

கமிட்டிக்காரர்கள் இருவர் வந்து நின்றார்கள். ஒருவர், “வயசான பொம்மனாட்டி, விடுங்கோ சார், வெயில் வந்தா தானா எழுந்து போயிடுவா” என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். அபயாம்பாள் மாமிக்கு இந்த முறையும் தடுப்பை ஒட்டிய கட்டம். பொடி டப்பாவைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“வண்டி வந்தா என் கோலத்து மேலயா விடுவே?”

“ஆமாம் மாமி.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ஓரம்வரை புள்ளி வைத்தார். எப்போதையும்விடப் பெரிய கோலம். நடுவில் ஒரு குத்துவிளக்கு.

வெயில் ஏறிற்று. எழுந்து போகவில்லை. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. நடுவர்கள் தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. அப்போது தடுப்புக்குப் பக்கத்துக் கட்டிடத்துக் கேட்டிலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. தலையில் நீச்சல் கண்ணாடி மாட்டிய இரண்டு குழந்தைகள், ஊதிய ரப்பர் வளையம், முன் சீட்டில் சாப்பாட்டுக் கூடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கோ தண்ணீரில் குதிக்கப் போகிறார்கள். ஓட்டியவர் கோலத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கினார்.

“முடியற வரைக்கும் வெயிட் பண்றோம் ஆன்ட்டி. ஒண்ணும் அவசரம் இல்ல.”

நான் எழுந்து தடுப்பை இழுத்தேன். கனமாக இருந்தது. தார் ரோட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. சாய்நாத் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அபயாம்பாள் மாமி கோலத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“மாமி, தள்ளிக்கோங்கோ” என்றேன்.

“மாட்டேன்.”

கார்க்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின் சீட்டில் ஒரு குழந்தை, “அப்பா, போலாம்ப்பா” என்று சிணுங்கியது. நான் மாமியின் மணிக்கட்டைப் பிடித்தேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எலும்பு மட்டும்தான் கைக்குள் அகப்பட்டது. அவர் உதறவில்லை. பிடித்து நடைபாதைக்கு இழுத்து வந்தேன். பிறகு காரைப் பார்த்து, வா என்று கையைக் காட்டினேன்.